அளவெடுத்த பிறகு அட்டையை வெட்டுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பயிற்சிக் கருவிகளை வீட்டிலேயே செய்வது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகனுக்கு மூளை முடக்குவாதம், வயது நான்கு. எந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறான். பெல்ட் போட்டால் அதற்கு அடியில் நழுவுகிறான். அட்டைப்பெட்டியிலேயே நாற்காலி செய்யலாம் என்கிறார்களே, தாங்குமா?

பதில்: தாங்கும். பழைய அட்டை, செய்தித்தாள், மாவுப் பசை இவற்றைக் கொண்டே மேசை நாற்காலி செய்யும் முறையை ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் பரப்பினார். நியூயார்க்கில் குழந்தைக்குக் குழந்தை அளவெடுத்து, தடித்த அட்டையில் இருக்கை செய்துகொடுத்துவந்த அலெக்ஸ் ட்ரூஸ்டெல், அதற்காக 2015-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற மெக்ஆர்தர் நல்கையைப் பெற்றார். அட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். தப்பு நடப்பது அளவில்தான்.

உங்கள் மகன் வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கையின் ஆழம். பலகையின் முன்விளிம்பு கெண்டைக்காலில் இடித்தால் குழந்தையால் பின்னால் தள்ளி உட்கார முடியாது. முதுகைச் சாய்க்கப் பார்ப்பான், இடுப்பு முன்னே நழுவும். கால் அந்தரத்தில் தொங்கினாலும் இதே கதைதான். ஆகவே வெட்டுவதற்கு முன் ஐந்து அளவுகளை எடுங்கள். மெத்தையில் வேண்டாம், மரப் பெஞ்சில் உட்கார வைத்து, இன்னொருவர் இடுப்பை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும்.

புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை: இதில் 2 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, செருப்போ ஷூவோ போடுவதானால் அதோடு: இருக்கைக்கும் கால்பலகைக்கும் உள்ள உயரம். இடுப்பின் அகலம், கூட 2 செ.மீ.: இருக்கையின் அகலம். உட்காரும் இடத்திலிருந்து அக்குள் வரை: முதுகுப் பலகை குறைந்தது இவ்வளவு உயரம் வேண்டும், தலை நிற்காத குழந்தைக்கு உச்சந்தலை வரை. உட்காரும் இடத்திலிருந்து மடக்கிய முழங்கை வரை: முன்னால் பொருத்தும் தட்டின் உயரம்.

குழந்தை வளருமே என்று பெரிதாகச் செய்துவிட்டால் மறுபடி வழுக்கல்தான். அதற்கு வழி உண்டு. நாற்காலியை 4 செ.மீ. கூடுதல் ஆழத்தில் செய்து, முதுகுப்பக்கம் 2 செ.மீ. தடிமனில் இரண்டு அட்டைத் திண்டுகளைச் செருகிவிடுங்கள். வளர வளர ஒவ்வொன்றாக உருவலாம். கால்பலகையின் மேல் அடுக்கும் அட்டைகளுக்கும் இதே ஏற்பாடு.

இனி செய்முறை. ஐந்தடுக்கு அட்டை, அதாவது உள்ளே இரண்டு வரிசை நெளிவு உள்ளது, வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது கனமான பொருட்கள் வந்த பெட்டியைப் பிரியுங்கள். ஈரம் பட்டது, மடிப்பு விழுந்தது வேண்டாம். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறிய பிறகு பூசுங்கள். இருக்கைக்கு ஐந்து அல்லது ஆறு அட்டைகள் ஒட்டினால் 3 செ.மீ. கிடைக்கும். ஓர் அட்டையின் நெளிவு நீளவாக்கில் போனால் அடுத்தது குறுக்குவாக்கில் போகவேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் பலகை ஒரு நாளில் அந்தக் கோட்டிலேயே மடிந்துவிடும். இருக்கைக்கு அடியில் வரும் நிற்கும் பலகைகளில் மட்டும் நெளிவு முழுக்க மேலிருந்து கீழாகவே இருக்கட்டும். பாரம் இறங்கும் வழி அது. அந்தப் பலகைகளைப் பாதிவரை கீறி ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகச் செருகினால் ஆணியே வேண்டாம்.

பசையைத் தாராளமாகப் பூசுவதுதான் முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. ஈரம் நெளிவுக்குள் இறங்கி அது அமுங்கிவிடும், பலகை வளையும், ஒரு வாரத்தில் பூஞ்சை வாசம் வரும். மெல்லிய பூச்சு போதும். மேலே தட்டையான பலகை வைத்து, அதன்மேல் பாரம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள். எல்லாவற்றையும் இணைத்தபின் செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து மூன்று நான்கு சுற்று ஒட்டுங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள், கிழித்த ஓரம்தான் படிந்து உட்காரும். அட்டையின் வெட்டுவாய் ஓர் இடத்தில்கூட வெளியே தெரியக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு பூச்சு. பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய பழக்கம் உண்டு. அது விஷம். விளிம்பைக் கடிக்கும் குழந்தைக்குச் செய்யும் பொருளில் அது வேண்டவே வேண்டாம்.

பெல்ட்டுக்கு வருவோம். அது வயிற்றின் குறுக்கே போகக்கூடாது. இருக்கையும் முதுகுப் பலகையும் சேரும் மூலையிலிருந்து கிளம்பி, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில், தொடை மடியும் இடத்தில் படியவேண்டும். இருக்கையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 2 செ.மீ. உயர்ந்திருந்தால் விறைப்பான குழந்தைகள் நழுவுவது குறையும். தொடைகளுக்கு நடுவே வைக்கும் கட்டை கால்களை அகற்றி வைக்கத்தான். நழுவலைத் தடுக்க அல்ல. அது கவட்டில் இடிக்காமல் மூன்று விரல் தள்ளி, முழங்கால்பக்கமாக இருக்கட்டும்.

குழந்தையை உட்கார வைப்பதற்கு முன், அவன் எடையைப்போல் மூன்று மடங்கு மணல் மூட்டையை ஓர் இரவு நாற்காலியில் வைத்துப் பாருங்கள். முதுகுப் பலகையைப் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளியும் பாருங்கள். ஆடினால் அடிப்பாகத்தை அகலமாக்க வேண்டும். முதல் நாள் 15 நிமிடம் மட்டும். எழுப்பியதும் புட்டம், தொடை, முதுகெலும்பு ஓரம் மூன்றையும் பாருங்கள். சிவந்த தழும்பு 20 நிமிடத்துக்குள் மறையவில்லையென்றால் அந்த இடத்தில் அழுத்தம் கூடுதல்; சரிசெய்யும்வரை நாற்காலி வேண்டாம். இடுப்பு மூட்டு விலகியிருப்பதாகவோ முதுகு வளைவதாகவோ மருத்துவர் சொல்லியிருந்தால், அளவெடுப்பதே பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில்தான்.

கேள்வி: மகள் கரண்டியை இறுக்கிப் பிடிக்கமாட்டாள், நழுவிவிடுகிறது. டம்ளரில் குடித்தால் தலையை ரொம்ப அண்ணாந்துகொள்கிறாள், இருமுகிறாள்.

பதில்: இருமலை முதலில் பாருங்கள். குடிக்கும்போது இருமல், குடித்தபின் குரல் கரகரப்பாக நீர் கோத்ததுபோல் கேட்பது, அடிக்கடி சளிக்காய்ச்சல் இவை இருந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். விழுங்குவதைப் பரிசோதிக்கத் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்த்த பிறகே கருவி.

அது சரியென்றால் மூக்குவெட்டு டம்ளர் உதவும். வளையும் பிளாஸ்டிக் டம்ளரில், வாயின் ஒரு பக்கம் அரைவட்டமாக, 5 செ.மீ. அகலம் 3 செ.மீ. ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டாத பக்கத்தில் வாய் வைத்துக் குடிக்கவேண்டும், வெட்டிய பக்கத்தில் மூக்கு இறங்கிக்கொள்ளும். தலை நேராக இருக்கும்போதே டம்ளர் சாயும். பலர் இதைத் திருப்பிப் பிடித்து வெட்டுவாயில் குடிக்கவைத்துவிட்டு, சிந்துகிறது என்கிறார்கள்! விளிம்பைத் தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, உங்கள் உதட்டில் ஓட்டிப் பாருங்கள். உடையும் வகைப் பிளாஸ்டிக்கை வெட்டாதீர்கள், விரிசல் விடும்.

கரண்டிப்பிடி எவ்வளவு பருமன் என்பதற்குப் பொது அளவு கிடையாது. அவள் அதைச் சுற்றிப் பிடிக்கும்போது கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் லேசாகத் தொட்டுக்கொள்ள வேண்டும். அதற்குமேல் பருத்தால் பிடி தளரும். சைக்கிள் டியூபை 1 செ.மீ. பட்டையாக வெட்டி, இழுத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் வேண்டிய பருமனில் நிறுத்தலாம், வழுக்காது, கழுவலாம். விரலே மடங்காத கைக்கு உள்ளங்கையைச் சுற்றி 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக் பட்டை தைத்து, உள்ளங்கைப் பக்கம் கரண்டிக் காம்பு நுழையச் சின்னப் பை வைக்கலாம். பட்டை உள்ளே ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள மாணவன், 20 கிலோ எடை. மடியில் எடைப்பை வைத்தால் அமைதியாக உட்காருவான் என்கிறார்கள். அரிசி, பருப்பு நிரப்பித் தைக்கலாமா? (சிறப்பாசிரியை ஒருவர்)

பதில்: எடைப்பைக்கு ஆராய்ச்சி ஆதரவு வலுவாக இல்லை. சில குழந்தைகளுக்குப் பிடிக்கிறது, சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆகவே சோதனையாகச் செய்யுங்கள்.

தானியம் வேண்டாம். துவைக்க முடியாது, வண்டு வரும். பொடிக்கூழாங்கல்லைக் கழுவி, வெயிலில் காயவைத்துப் போடுங்கள். மாணவனின் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோ போதும். 40 செ.மீ. நீளம் 20 செ.மீ. அகலம் வரும் துணியை 10 செ.மீ. சதுரமாக எட்டு அறைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் 125 கிராம். அறை பிரிக்காவிட்டால் கல் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, பை மடியிலிருந்து வழுக்கிவிடும். ஒவ்வொரு அறையின் கல்லையும் தனித் துணிப்பையில் இரட்டைத் தையல் போட்டு, அதன் பிறகு உள்ளே வையுங்கள். துணியைக் கடிக்கும் குழந்தைக்கு இது வேண்டாம்.

மடியில் மட்டும், 15 நிமிடம் மட்டும், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அவனாகவே தள்ளிவிட முடியவேண்டும், தள்ளினால் திரும்ப வைக்கக்கூடாது. தூங்கும்போது கூடாது. எடைப்போர்வையைச் சுற்றிவிடும் வேலைக்கு யாரும் போகவேண்டாம். கனடாவின் கியூபெக்கில் 2008-ல் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் பள்ளியில் எடைப்போர்வையால் சுற்றப்பட்ட நிலையில் மூச்சுத் திணறி இறந்தான்.

ஐந்து நாள் பையோடு, ஐந்து நாள் பையில்லாமல், ஒரே நேரத்தில் ஒரே வேலையைக் கொடுத்து, எத்தனை நிமிடம் உட்கார்ந்தான் என்று குறித்து வாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் பையைக் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: மகளால் பொம்மையின் பொத்தானை அழுத்த முடியாது. முழங்கையை மட்டும் அசைப்பாள். பெரிய பொத்தான் வைத்துத் தர முடியுமா? எனக்கு சால்டரிங் தெரியும்.

பதில்: சால்டரிங் தெரிந்தால் ஒரு மாலைப்பொழுது வேலை. பொம்மையைப் பிரிக்கவே வேண்டியதில்லை.

இருபக்கமும் செம்பு பூசிய சர்க்யூட் போர்டில், 0.8 மி.மீ. தடிமனுக்கு மேற்படாததாகப் பார்த்து, பேட்டரி முனை அளவுக்கு ஒரு வட்டம் வெட்டுங்கள். ஒரு முகத்தில் ஒரு ஒயர், மறு முகத்தில் இன்னொன்று என ஓரமாகப் பற்றவையுங்கள். நடுவில் பற்றவைத்தால் ஈயம் மேடாகி, பேட்டரி முனை செம்பைத் தொடாது. சுற்று விளிம்பில் செம்புத் துகள் ஒட்டியிருந்தால் இரு பக்கமும் இணைந்து, பொம்மை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். இந்த வில்லையைப் பேட்டரிக்கும் அதைத் தொடும் உலோகத் தகட்டுக்கும் நடுவே செருகி, பொம்மையின் சொந்த சுவிட்சை ஆன் செய்து வைத்துவிடுங்கள். இரண்டு ஒயரும் சேர்ந்தால்தான் மின்சாரம் ஓடும். ஒயர் வெளியே வர பேட்டரி மூடியில் சின்னப் பள்ளம் அராவுங்கள், இல்லாவிட்டால் மூடி நசுக்கி அறுத்துவிடும். ஒயர்களின் மறுமுனையில் 3.5 மி.மீ. மோனோ சாக்கெட் வைத்தால், கடையில் கிடைக்கும் தெரபி சுவிட்சுகளும் பிறகு இதில் பொருந்தும்.

சுவிட்சுக்கு 12 செ.மீ. சதுரத்தில் இரண்டு கெட்டி அட்டை. உள்முகங்களில் செம்புப் பட்டை டேப்பை ஒன்றில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் ஒட்டுங்கள். ஓரங்களில் 1.5 செ.மீ. அகலத்துக்கு, 5 மி.மீ. தடிமன் ஃபோம் சட்டம் போட்டு இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பொம்மையின் சாக்கெட்டில் செருக ஒரு 3.5 மி.மீ. மோனோ பிளக் எடுத்து, அதன் இரண்டு ஒயர்களையும் அட்டைக்கு ஒன்றாகச் செம்புப் பட்டையில் பற்றவையுங்கள். சமையலறை அலுமினியத் தாளிலும் செய்கிறார்கள். ஆனால் அதில் ஈயம் ஒட்டாது, திருகும் வாஷரும் போட்டு ஒயரைப் பிடிக்கவைக்க வேண்டும், சீக்கிரம் கிழியும்.

அழுத்தாமலே ஓடினால் அட்டை உள்பக்கம் வளைந்திருக்கிறது அல்லது ஃபோம் சப்பையாகிவிட்டது. அழுத்தியும் ஓடவில்லையென்றால் ஃபோம் கெட்டி; 3 மி.மீ.க்கு மாற்றுங்கள். இன்னொரு சிக்கல் பொம்மையிலேயே இருக்கலாம்: ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினால்தான் பாடும் வகை எலக்ட்ரானிக் பொம்மைகள், மின்சாரம் திரும்ப வந்தாலும் தானாக ஓடாது. தள்ளும் சுவிட்சை ஆன் பக்கம் நகர்த்தினால் ஓடிக்கொண்டே இருக்கும் பொம்மைதான் இதற்கு ஆகும். வட்டச் சில்லு பேட்டரி போடும் பொம்மை எதுவும் வேண்டாம், விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். வீட்டு மின்சாரத்தில் செருகும் எதையும் தொடாதீர்கள். வலிப்பு வரும் குழந்தைக்கு மின்னி மின்னி எரியும் பொம்மை கூடாது.

சுவிட்சை முழங்கை தானாக வந்து படும் இடத்தில், வெல்க்ரோவால் நகராமல் பொருத்துங்கள். பிறகு கஷ்டமான வேலை: "அழுத்து" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மனசுக்குள் பதினைந்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. இந்தக் குழந்தைகளுக்குக் கட்டளை கைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். நடுவில் "அழுத்தும்மா, அழுத்து" என்றால் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: பேச்சு வராத மகனுக்கு அறுபது படஅட்டைகள் செய்து, லேமினேட் போட்டு வைத்தோம். எடுத்து வீசுகிறான்.

பதில்: அறுபதில் ஐம்பத்தெட்டை அலமாரியில் வையுங்கள். அவன் உயிரை விடும் இரண்டு பொருட்களின் அட்டை மட்டும் வெளியே இருக்கட்டும். அட்டையைக் கொடுத்த கணமே அந்தப் பொருள் கையில் வரவேண்டும். படம் என்பது ஒரு பொருளைக் குறிக்கிறது என்பதே புரியாத நிலை என்றால் உண்மைப் பொருளில் தொடங்குங்கள்: குளியலுக்குத் துண்டின் ஒரு துணுக்கை அட்டையில் ஒட்டுங்கள். அடுத்து புகைப்படம். கோட்டுப்படம் கடைசியில்தான்.

லேமினேட் பளபளப்பு விளக்கொளியில் படத்தையே மறைக்கும். மங்கலான வகை கேட்டு வாங்குங்கள். பார்வைச் சிக்கலும் இருந்தால் கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு பொருள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம் எப்போதும் அட்டையில், சொரசொரப்பு பலகையில். "வேண்டாம்", "போதும்" என்ற இரண்டும் சீக்கிரமே சேரட்டும், அவன் வீசுவது இப்போது அதைத்தான் சொல்கிறது. நீங்களும் அவனிடம் பேசும்போது அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். தண்டனையாக அட்டையைப் பிடுங்கி வைப்பது வாயைக் கட்டுவதற்குச் சமம்.

கேள்வி: நடக்காத குழந்தைக்குச் சக்கரம் வைத்த, உள்ளே உட்காரும் வாக்கர் செய்துகொடுக்கலாமா? பாதத்தையும் கணுக்காலையும் தாங்கிப் பிடிக்கும் கால் பட்டை?

பதில்: இரண்டும் வேண்டாம். உட்காரும் வாக்கரில் குழந்தை நுனிக்காலால் உந்திப் பழகும், கவிழும். குழந்தைகளுக்கான வாக்கர் விற்பனையையே கனடா 2004-ல் தடை செய்துவிட்டது. கால் பட்டை ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் புண். அது அளவெடுத்துச் செய்யத் தெரிந்தவர்கள் வேலை.

கேள்வி: சட்டைக் காலரைக் கடித்துக் குதறுகிறான்.

பதில்: உணவுத் தரச் சிலிகானில் செய்த கடிபொருள் கொடுங்கள், தண்ணீர்க்குழாய்த் துண்டு, ரப்பர் கையுறை கூடாது. கழுத்தில் கயிறாக மாட்டாமல் சட்டையில் கொக்கி போட்டு, 20 செ.மீ.க்குள் தொங்கவிடுங்கள். தினமும் இழுத்துப் பாருங்கள், பல்வெட்டு விழுந்த அன்றே குப்பைக்கு. வாயில் எல்லாவற்றையும் போடும் குழந்தை எத்தனை வயதானாலும், டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அவன் கைக்கு எட்டக்கூடாது.

கேள்வி: மகனுக்குச் செய்த அட்டை நாற்காலி சின்னதாகிவிட்டது. இன்னொரு குழந்தைக்குத் தரலாமா?

பதில்: அந்தக் குழந்தையின் ஐந்து அளவுகளும் பொருந்தினால் தரலாம். பெல்ட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள். இருக்கையின் அடியிலும் கால்பலகை மூலைகளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது, கொடுக்க வேண்டாம். அடிப்பக்கத்தில் செய்த தேதியையும் தாங்கும் எடையையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். உருவிய திண்டுகள் வீட்டில் கிடந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.